நான் போடாத கோடு

சாந்தோம், மயிலாப்பூர்
9 ஆகஸ்ட் 1932

அன்புள்ள சகோதரி சிம்ஹாவுக்கு,

பவுல்சாமி எழுதுவது. நானும் என் மனைவி லூயிசாவும் நலம். எர்ணாகுளத்தில் உங்கள் தகப்பனார் எலியாகு ஐயா சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் வைத்தியத்துக்காக ஐயா எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது அவரும் நானும் சேர்ந்து பிரதி செய்த தியானப் படத் தோல்சுருளில் ஒரு கோடு குறைவதாக உங்கள் யூத சபைப் பெரியவர்கள் சொன்னதை எழுதியிருந்தீர்கள். பத்து வட்டங்களை இணைக்க இருபத்திரண்டு கோடுகள் வேண்டும், இருபத்தொன்றுதான் இருக்கிறது என்கிறார்கள். ஐயாவுக்கு இங்கே இருந்தபோதே நினைவு தடுமாறியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுபதைத் தாண்டியவர் அல்லவா. சில நாள் சொன்னதையே திரும்பச் சொல்வார். நான் அவர் சொன்னபடி செய்தேன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே வெயில் குறையவில்லை. லூயிசா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரன்,
அ. பவுல்சாமி

சாந்தோம், மயிலாப்பூர்
6 அக்டோபர் 1932

சிம்ஹா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். இங்கே கான்வென்டில் தமிழ் படித்தவர் நீங்கள். ஒரு வரி விடாமல் ஐயாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எனக்காக எந்த வார்த்தையையும் மெதுவாக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பொட்டலம் திங்கட்கிழமை வந்தது. ஐயா இறகுப் பேனா சீவும் கத்தி. என் பதிலைப் படித்துக் காட்டியதும், "பவுல்சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாராம். அன்று முதல் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபங்களைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆண்டவன் முன்னால் பிசகிவிடுமோ என்று பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இனி எழுதப் போவதில்லை என்று கத்தியை என்னிடம் சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.

அவர் நினைவு தடுமாறவில்லை. ஒரு நாளும் தடுமாறவில்லை. நான் எழுதியது பொய்.

நடந்தது இது. கண் அறுவைக்கு முன்பே வட்டங்களுக்குள் எழுத்து முழுவதையும் ஐயா எழுதி முடித்துவிட்டார். தொழுகையில் வாசிக்கும் வேதச்சுருள் அல்ல, தியானத்துக்கான படம்தான், கோடுகளை வேறு கை போட்டாலும் ஆகும் என்றார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் என்பதால் என்னைக் கேட்டார். கண்ணில் கட்டுடன் உட்கார்ந்து, எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நினைவிலிருந்தே சொன்னார். நான் பழைய மூலச் சுருளோடு ஒத்துப் பார்த்தேன், ஒன்றும் தப்பவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இப்ப என் கண்ணு இவன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கருணை என்று அவர் பெயர் சொன்ன வட்டத்திலிருந்து நடு வட்டத்துக்குப் போகும் கோடு ஒன்று மிச்சமிருந்தது. அந்த இடத்தில் மை சிந்திவிட்டது. ஐயா கீழே லூயிசாவோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். தப்பு நேர்ந்தால் சுரண்டாதே, என்னிடம் சொல், வேறு தோல் எடுப்போம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சுரண்டினேன். தோல் கிழிந்தது. பின்பக்கம் ஒட்டுப் போட்டு, மேலே ஒரு கொடி வரைந்து மறைத்தேன். கொடி அழகாகவே வந்தது. கோடு போட இடமில்லை.

அவர் மேலே வந்து, "இருபத்திரண்டும் ஆச்சா தம்பி?" என்று கேட்டார். "ஆச்சு ஐயா" என்றேன். வேறு தோல் எடுத்தால் எல்லாவற்றையும் அவரே மறுபடி எழுத வேண்டும், பாவம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையல்ல. அவர் வாயால் கேட்ட புகழ்ச்சி போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

பிறகு அவர் கையைப் பிடித்துச் சுருளின் அடியில் வைத்தேன். "கூட்டாமலும் குறைக்காமலும் எழுதியவன் எலியாகு" என்று எபிரேயத்தில் தடவித் தடவி எழுதினார். அர்த்தத்தையும் எனக்குச் சொன்னார். நான் மை உலர ஊதிவிட்டுச் சுருளைச் சுற்றினேன்.

கத்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. லூயிசா விடாமல் கேட்டதால் சொல்லிவிட்டேன். அவள் எச்சில் தட்டைக்கூட எடுக்காமல், "நம்ம ஊட்ல வெச்சி நாம சோறு போட்ட மனுசனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டு, இங்க வந்து ஜெபமாலை உருட்டிக்கினு கீறீங்களா?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பங்குச் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உங்களுக்கு எழுதாமல் வராதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கத்தியைத் தனியாகத் தபாலில் ஐயாவுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சபைப் பெரியவர்களுக்கு வேறொரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் விளக்கின் எதிரே கொடியைப் பிடித்துப் பார்த்தால் ஒட்டு தெரியும், கை என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டால் ரயிலேறி வந்து அவர்கள் முன்னால் நின்று சொல்கிறேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன். ஐயா என்னைப் பார்க்கச் சம்மதிக்காவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் ஐயாவை ஜெபம் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சிம்ஹா. ஒரு சொல்கூடப் பிசகாது.

அ. பவுல்சாமி