ஒன்பது கட்டங்களும் ஒரு மேசையும்

ஜனவரி 11, 2016, திங்கள்

காலையில் மழை. மனைவி ஐலீன் மதியத்திற்கென்று கட்டித்தந்த ரொட்டியைப் பத்தரைக்கே தின்று முடித்துவிட்டேன். இம்மாதத்தில் இது மூன்றாவது முறை.

நகராட்சிச் சொத்துப் பிரிவின் தலைவர் நைஜல் ஹேக் ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறார். ஹாதர்பியில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும் நகராட்சி அலுவலகங்களை மூடிவிட்டு, மலைச்சரிவில் எழும்பிவரும் ஒரே புதிய கட்டடத்திற்கு எல்லாவற்றையும் மாற்றுவது திட்டம். மார்ச் 22 அன்று மன்றம் முடிவெடுக்கும். அதற்கு முன், இந்த மாற்றம் எவரையேனும் மற்றவரைவிடக் கூடுதலாகப் பாதிக்குமா என்று ஆராய்ந்து மதிப்பீடு எழுத வேண்டும் என்பது சட்டம். அது முறையாகச் செய்யப்பட்டது என்று சான்றளிக்க வேண்டியவன், நகராட்சியின் சட்ட அலுவலனாகிய நான்.

படிவத்தில் ஒன்பது கட்டங்கள்: வயது, உடற்குறை, மதம், இனம் என்று வரிசையாக. ஒன்பதிலும் நைஜல் எழுதியிருப்பது ஒரே வாக்கியம்: ‘பாதகமான தாக்கம் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை.’ ஒன்பதின் முடிவிலும் முற்றுப்புள்ளி இரண்டு. அதாவது சிந்தித்தது ஒரு முறை, ஒட்டியது எட்டு முறை.

பிற்பகல் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். வழக்கம்போல் நான் சன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலியில். எதிரே அவர், முகம் முழுவதும் வெளிச்சத்தில். எதிரில் இருப்பவரின் முகம் வழக்கறிஞனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் கொள்கை.

“கையெழுத்துத்தான கேட்டேன் கிளமென்ட்? யாரோட தலையெழுத்தையோ மாத்தப் போற மாதிரி பாக்குறீங்க,” என்றார் நைஜல்.

ஒருவேளை அப்படியும் இருக்கலாம் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜனவரி 12, செவ்வாய்

தொலைக்காட்சியின் ஒலி அதிகம் என்று ஐலீன் மறுபடியும் சொன்னாள். இக்கால நடிகர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

ஜனவரி 21, வியாழன்

மூடப்படவிருக்கும் இடங்களை நேரில் பாராமல் சான்றளிப்பது முறையன்று. இன்று மில் லேன் அலுவலகம். முன்பு கம்பளிக் கடையாக இருந்த இடம். ஒரே ஒரு மேசை, அதன் பின்னே இருபத்திரண்டு ஆண்டுகளாக பெவர்லி. பின்னறையில் வியாழன்தோறும் பத்து மணிக்கு, காது கேளாதோர் எழுவர் கூடி உதட்டசைவைப் படிக்கப் பழகுகிறார்கள். பதினொன்றுக்கு வெளியே வந்து, பேருந்து அட்டை, குப்பைத்தொட்டி, வீட்டு வரி என்று தத்தம் காரியங்களை பெவர்லியிடம் முடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரு மணி நேரம் கவனித்தேன். பெவர்லி பேசுவதற்கு முன் பேனாவைக் கீழே வைக்கிறாள். முகத்தை நிமிர்த்துகிறாள். வாக்கியம் முடிந்த பிறகே குனிகிறாள். தெருச் சன்னலின் வெளிச்சம் நேராக அவள் வாயில் விழுகிறது. இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நைஜலின் படிவத்திலும் இல்லை.

எழுவரில் மூத்தவர் டோரீன் லம்ப், எழுபத்துநான்கு வயது. பதினைந்தில் நெசவாலைக்குப் போனவர். இருநூறு தறிகளின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. ஆனால் அங்கே பெண்கள் குரலே இல்லாமல், வாயசைவால் மட்டும், கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பேசிக்கொள்வார்களாம். மேஸ்திரியை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு அவனைப் பற்றியே பேசியதையும் சொன்னார். பேசியது என்ன என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

பிறகு என்னையே பார்த்தார். “உனக்குக் காது போயி எத்தன வருஷமாச்சு கண்ணு?”

அப்படி எதுவும் இல்லை என்றேன்.

“வந்ததுலருந்து என் கண்ண நீ பாக்கவே இல்ல. வாயத்தான் பாக்குற. நீ எங்க ஆளு.”

ஆதாரமற்ற கூற்று. முழுமை கருதி மட்டுமே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 22, வெள்ளி

எனினும், அதை மறுக்க என்னிடம் உள்ள ஆதாரம் யாது?

பிப்ரவரி 9, செவ்வாய்

புதிய கட்டடத்தைப் பார்த்தேன். அகலமான கதவுகள், நல்ல மின்தூக்கி, சக்கர நாற்காலிக்குச் சரிவு, குறை சொல்வதற்கில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னே தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. வருகிறவர்களுக்கு மலை தெரிய வேண்டும் என்பது கட்டடக் கலைஞரின் விருப்பமாம்.

மலை தெரிந்தது. மேசையில் இருந்த காவலரின் முகம் தெரியவில்லை. வெளிச்சத்தின் நடுவே கறுப்பாக ஓர் உருவம் ஏதோ கேட்டது. திரும்பக் கேட்கச் சொன்னேன். மூன்றாம் முறை தலையசைத்துவிட்டேன். எதற்குத் தலையசைத்தேன் என்பது எனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது.

பத்து நிமிடம் கழித்து நைஜல் வந்தார். அவரை மேசைக்கு அப்பால் நிறுத்தி, கோப்பிலிருந்து பத்து வாக்கியங்கள் படிக்கச் சொன்னேன். எதிரொலியைச் சோதிப்பதாகக் காரணம் சொன்னேன். பத்தில் இரண்டுதான் எனக்குப் புரிந்தது. அவரை இப்பக்கம் வரவழைத்து, வெளிச்சம் முகத்தில் விழ நிறுத்தி, வேறு பத்து. பத்தில் பத்து.

முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது கொள்கை என்று நினைத்திருந்தேன். கொள்கையா அது? எவனை ஏமாத்துனேன்? என்னையேதான்.

பிப்ரவரி 10, புதன்

ஐலீனிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே திரும்பி உட்கார்ந்தாள். எத்தனை காலமாக இப்படித் திரும்பி உட்கார்ந்து பேசுகிறாள்?

“நாலு வருஷமா எனக்குத் தெரியும் கிளம். நீதான் தீர்ப்ப ஒத்திவச்சிட்டே இருந்த.”

பிப்ரவரி 16, செவ்வாய்

மேசையைப் பக்கச் சுவருக்குத் திருப்ப வேண்டும் என்று நைஜலிடம் எழுத்தில் கேட்டேன். நேரிலேயே வந்துவிட்டார். காதுக் கருவி அணிந்தவர்களுக்கு ஒலியை நேராகச் செலுத்தும் கம்பி மேசையிலேயே பதித்திருக்கிறது, படிவத்தில் அது எழுதியும் இருக்கிறது என்றார். மில் லேன் எழுவரில் நால்வருக்குக் கருவியால் பயனில்லை என்று டோரீன் சொன்னதை எடுத்துச் சொன்னேன். மேசை தரையோடு இறுக்கப்பட்டது, கம்பிகள் அடியில் ஓடுகின்றன, மாற்றினால் பதினொரு வாரத் தாமதம் என்றார். அந்தத் தாமதத்திற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

“இது யார்க்‌ஷயர். வருஷத்துல நாலு நாள் வெயில் அடிக்குது. அதுக்கு மேசையத் திருப்பணுமா?” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஒரு கிழவி சொன்னத வச்சி மன்றத்துல நிக்க முடியாது. நிரூபிச்சுக் காட்டுங்க.”

நியாயமான கோரிக்கை.

பிப்ரவரி 25, வியாழன்

நிரூபித்தோம். எழுவரும் இரண்டு பேருந்து மாறி வந்தார்கள் (மில் லேனுக்கு ஒன்றே போதும், குறித்துக்கொண்டேன்). பதினொரு மணி, மேகமூட்டம், வெயிலே இல்லை. பெவர்லி புதிய மேசையில் அமர்ந்து, அன்றாடம் கேட்கும் பத்துக் கேள்விகளைக் கேட்டாள். மில் லேனில் சென்ற வாரம் எழுவரின் சராசரி ஒன்பது. இங்கே இரண்டு.

டோரீன் கண்ணுக்கு மேல் கையைக் குடைபோல் பிடித்துப் பார்த்தார். “பெவ்வோட மூஞ்சி எங்க கண்ணு? வெறும் கோட்டு மட்டுந்தான் உக்காந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள், பெவர்லியும். நைஜல் எண்களை இரண்டு முறை படித்தார். எழுவரும் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள், முன்கூட்டியே ஒரு கருத்தோடு வந்தவர்கள் என்று மன்றத்தில் சொல்வார்கள் என்றார். “அந்தக் குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பேரு குடுங்க. ஒண்ணு போதும்.”

ஒரு பெயர் இருக்கிறது.

மார்ச் 1, செவ்வாய்

நான்கு வரைவு எழுதினேன். நான்கையும் கிழித்தேன்.

கேட்பதே என் தொழில். சாட்சி சொல்வதை, உறுப்பினர் கேட்பதை, எதிர்த்தரப்பு முணுமுணுப்பதை. காது கேளாத வழக்கறிஞனை எவர் வைத்துக்கொள்வார்? இதற்காக என்னை விலக்குவது சட்டவிரோதம். எந்தப் பிரிவின்படி என்பதும் தெரியும். அதைப் பிறருக்கு விளக்கிச் சம்பளம் வாங்குகிறவன் நான். இருந்தும் பயமா இருக்கே.

மார்ச் 4, வெள்ளி

ஐந்தாவது வரைவு ஒரு பக்கம். பிப்ரவரி 9 அன்று நடந்தது, பத்தில் இரண்டு, பத்தில் பத்து, இறுதியில் என் பெயர். சாட்சியாக நிற்பவன் சான்றளிக்கவும் கூடாது. ஆகவே அந்தப் பொறுப்பைப் பக்கத்து நகராட்சியின் வழக்கறிஞருக்கு மாற்றிவிட்டேன்.

நைஜலின் அறையில், அவர் எதிரே உட்கார்ந்து கொடுத்தேன். அங்கே சன்னல் அவர் முதுகுக்குப் பின்னே. படித்து முடித்துத் தாளை வைத்தார். எழுந்து, தம் நாற்காலியை மேசையைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து, என் பக்கத்தில், வெளிச்சம் தம் முகத்தில் விழுமாறு போட்டு உட்கார்ந்தார்.

“அன்னிக்கு எதிரொலின்னு சொன்னீங்களே, அதுவும் இதுதானா?”

ஆம் என்றேன்.

“பொய் சொல்லத் தெரியாதுன்னு நெனச்சேன் உங்களுக்கு,” என்றார். அதன் பிறகு கம்பிகளை எவ்வழியே திருப்பலாம் என்று வரைபடத்தை விரித்தார்.

மார்ச் 22, செவ்வாய்

மன்றம் திட்டத்தை ஏற்றது. இரண்டு நிபந்தனைகள்: மேசை பக்கச் சுவருக்குத் திரும்பும்வரை மில் லேன் மூடப்படாது, பெவர்லியின் பேச்சு முறையை வரவேற்பில் இருக்கும் அனைவரும் அவளிடமே கற்க வேண்டும். என் வாக்குமூலம் வாசிக்கப்பட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது உறுப்பினர்கள் ஏற்கனவே அடுத்த பொருளான வாகன நிறுத்தத்திற்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கா இத்தனை பயந்தேன்?

இரண்டு பேருந்து விவகாரம் தீரவில்லை. மதிப்பீட்டில் ‘பாதகம் உண்டு, தீர்வு காணப்படவில்லை’ என்று நைஜலே எழுதினார். ஒற்றை முற்றுப்புள்ளியோடு.

ஏப்ரல் 14, வியாழன்

இரு காதுகளிலும் கருவி பொருத்தினார்கள். தாள் இவ்வளவு சத்தமிடும் என்பதை மறந்திருந்தேன். ஐலீன் செய்தித்தாள் படிக்கும்போது மெதுவாக ஏதோ பாடுகிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்றாள்.

செப்டம்பர் 29, வியாழன்

புதிய கட்டடத்தின் முதல் வியாழன். எழுவரில் ஐவர் வந்தார்கள். மற்ற இருவருக்கு இரண்டாவது பேருந்து முடியவில்லை. ஒரு சிற்றுந்து விடச் சொல்லி நைஜலும் நானும் சேர்ந்து எழுதிய குறிப்பு நிதிக் குழுவிடம் இருக்கிறது. புதிய அறையில் வெளிச்சம் நன்று, ஆனால் தண்ணீர் காய்ச்சும் கெண்டியை அனுமதிக்கவில்லை என்பது டோரீனின் எழுத்துப்பூர்வமான புகார். அதையும் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு மாடிப்படியில் இறங்கி வந்தேன். பெவர்லி பக்கச் சுவரோரம், பேனாவைக் கீழே வைத்து, நிமிர்ந்த முகத்தோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் மலை. கூடத்தின் மறு கோடியில், வாசலருகே டோரீன். என்னைக் கண்டதும் குரலே இல்லாமல் வாயை அசைத்தார். நைஜல் கழுத்தில் கட்டியிருந்த டையைப் பற்றி ஒரு கருத்து. நைஜல் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார்.

நானும் குரல் இல்லாமலே பதில் சொன்னேன். என் முதல் முயற்சி. தெளிவாக இருந்ததா என்று ஐயம். டோரீன் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வரிசையில் இருபது பேராவது இருப்பார்கள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.