எதிர்த் தரப்பில் மூன்றாவது பெயர்

இஞ்சாருங்கோ,

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு ஒரு வழக்குத் தந்தார்கள். சூரிய மின்நிலையம் கட்டிய முதலீட்டாளர் ஒருவர் ஓர் ஐரோப்பிய அரசின் மீது தொடுத்தது. பத்தொன்பது வருடங்களாக மற்ற வழக்கறிஞர்கள் பேசுவதற்கு எழுதிக் கொடுத்தவள் நான். இந்த முறை நடுவர்கள் முன் நானே எழுந்து பேச வேண்டும் என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கோப்பைப் படிக்கத் தொடங்கினேன்.

பிறகு வழக்கமான படிவம் வந்தது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்களில் எவராவது உங்களுக்கு உறவா என்று அதில் கேட்டிருந்தது. கீழே இருந்த பட்டியலில் மூன்றாவது பெயர் உங்களுடையது.

பக்கத்து மேசைத் தோழி கிளறிற்றா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அவர் லண்டனிலை ஒரு மூலை, சட்டனிலை; நீங்கள் மற்ற மூலை, வெம்பிளியிலை. ரெண்டு வருசமாக் கதை பறைச்சல் இல்லை. உறவில்லை எண்டு போடுங்கோ."

"போட ஏலாது" என்றேன்.

"ஏன், சட்டமோ?"

சட்டம்தான் என்று சொல்லியிருக்கலாம். 'கணவர்' என்று எழுதி அனுப்பினேன். எதிர்த் தரப்பில் என் கணவர் இருப்பதை எங்கள் கட்சிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, மறுநாளே வழக்கு வேறொருவரிடம் போய்விட்டது.

"வழக்கைக் குடுத்திட்டு மனிசனை வாங்கிறீங்களோ?" என்றாள் கிளறிற்றா.

வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நேற்றிலிருந்து இந்தக் கடிதத்தோடுதான் இருக்கிறேன். இதையே மூன்றாம் முறை எழுதுகிறேன். அந்த வழக்கில் நான் இருந்திருந்தால், தீர்ப்பு வரும்வரை, எப்படியும் மூன்று வருடம், எதிரெதிர்த் தரப்பு வழக்கறிஞர்களாக நாம் தனியாகச் சந்திக்க முடியாமல் போயிருக்கும். இப்போது தடை இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலடியில் நிற்பேன். பதினொரு மணிக்கும் நிற்பேன்.

உங்கள் மனைவி