பன்னிரண்டு மணி ஹாரன்

உட்ரெக்ட், நெதர்லாந்து
12 பிப்ரவரி 2023

என் பிரிய அக்கா லோகேஸ்வரிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். குளிர்தான் எலும்புவரை போய் விசாரிக்கிறது. நீ பின்னிக் கொடுத்த சால்வையை வகுப்பிலும் கழற்றுவதில்லை. உன்னோடு போனில் பேசினால் பக்கத்தில் உன் மகன் ரவி, அவன் பெண்டாட்டி, டிவி என்று எல்லாம் சேர்ந்து பேசுகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம். இதில் நீயும் நானும் மட்டும்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன், திட்டாதே. நம் ரஹாங் இறையியல் கல்லூரியைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிட்டுப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்புவதா என்று நம் சீர்திருத்தச் சபைகளின் சங்கம் இந்த வருடக் கடைசியில் முடிவெடுக்கப் போகிறது. "உங்கள் மாணவர்கள் ஊழியத்துக்குத் தயாராகித்தான் வெளியே போகிறார்களா? காட்டுங்கள்" என்கிறார்கள். அதை எப்படி அளப்பது என்று படிக்கத்தான் என்னை ஒரு வருடம் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது அக்கா. அது மூடிக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நம் மாணவர்கள் போதகராக இருக்கும் எல்லாச் சபைகளுக்கும் கேள்வித்தாள் அனுப்புகிறேன். உன் சபையில் இருக்கும் குணாளன் என் மாணவன். நீயோ அங்கே மூப்பர். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். தங்கை முகத்துக்காகக் கூட்டிப் போடாதே.

அத்தானுக்கு இருமல் நின்றதா? செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் எனக்கு மோட்டர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, நான் காண்டா வாய்க்காலில் விழுந்ததும் முதலில் மோட்டரைத் தூக்கிய மனிதர். நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தங்கை,
மோகனா


கோலா சாவா, மலேசியா
5 மார்ச் 2023

அன்புள்ள மோகனாவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் கேள்வித்தாள் வந்தது. இத்தனை கேள்வியா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை.

"வேதத்தைத் தெளிவாக விளக்குகிறாரா?" ஐந்து போடலாம். ஒரே வசனத்தை மூன்று வாரம் விளக்குகிறார், தெளிவில்லாமல் எங்கே போவது! நம் சர்ச் பழைய ஆயாக்கொட்டகை என்பது உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அம்மாக்கள் பால்மரம் வெட்டப் போனபோது பிள்ளைகளைத் தூங்கவைத்த இடம். இப்போது பாஸ்டர் பிரசங்கத்தில் பெரியவர்கள் தூங்குகிறோம்.

"சபைக்கு வெளியே உள்ளவர்களோடு பழகத் தெரிகிறதா?" இதற்கு உன் அத்தானைத்தான் கேட்க வேண்டும். இத்தனை வருடமும் ஞாயிறு தவறாமல் என்னை மோட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசல் மரத்தடியில் மோட்டர் மேலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். விபூதி பூசிய நெற்றியோடு உள்ளே வந்தால் எனக்குச் சங்கடமாம். ஆராதனைக்கு முன்னால் குணாளன் பாஸ்டர் அவரிடம் போய் நிற்பார். இரண்டு பேரும் பூப்பந்து பேசுவார்கள். மணி பன்னிரண்டானால் அத்தான் ஒரு ஹாரன் அடிப்பார். ஒன்றே ஒன்று. பாஸ்டர் எந்த ஊரில் எந்தத் தீர்க்கதரிசியோடு நின்றுகொண்டிருந்தாலும் ஆமென் சொல்லிவிடுவார். "இது மரியாதையா?" என்று நான் திட்டினால், "பசிக்குது லா, அவருக்கும் பசிக்கும்" என்கிறார்.

"துயரத்தில் இருப்பவர்களைத் தேற்றத் தெரிகிறதா?" என்று ஒரு கேள்வி. பாஸ்டர் வந்த பிறகு சபையில் சாவு விழவில்லை. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அத்தானுக்கு இருமல் நிற்கவில்லை. வருகிற வாரம் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அவரைப் போகச் சம்மதிக்க வைத்ததற்கு எனக்கு ஐந்துக்கு ஐந்து போடு. அது முடிந்ததும் தாளை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா லோகேஸ்வரி


கோலா சாவா
20 ஏப்ரல் 2023

மோகனா,

நீ போனில் அழுததுதான் காதில் இருக்கிறது. வர முடியவில்லையே என்று மறுபடி மறுபடி சொல்லாதே. மறுநாளே எடுத்துவிட்டோம். நீ பறந்து வந்திருந்தாலும் சாம்பலைத்தான் பார்த்திருப்பாய். இருமல் என்று போனவருக்கு நுரையீரல் முழுக்கப் புற்று இருந்திருக்கிறது. ஒரு மாதம்கூடத் தரவில்லை.

வீடியோவில் நீ பார்க்காததைச் சொல்கிறேன். அவர் பக்கத்து முறைப்படிதான் எல்லாம். ரவி கொள்ளி வைத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, அவர் அப்படியே வாழ்ந்தவர். குணாளன் பாஸ்டர் காலையிலேயே வந்து ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பெட்டியை மூடப் போகும்போது என்னால் தாங்க முடியவில்லை. பாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்டர், இவருக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க. சத்தமா வேணாம், மெதுவா பண்ணுங்க" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இறந்தவங்களுக்காக நாம ஜெபிக்கறதில்ல. அவங்க காரியம் கர்த்தர் கையில முடிஞ்சுபோச்சு. இருக்கற உங்களுக்காக ஜெபிக்கறேன்" என்றார். என் கொழுந்தன், நாத்தனார், தோட்டத்துச் சனம் எல்லாம் சுற்றி நிற்கிறது. முடிஞ்சுபோச்சு என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்தது. நாத்தனார் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மோகனா, அது குணாளன் குரல் இல்லை. உன் குரல். நீ முதன்முதலாகப் பாடம் எடுக்கப் போகும் முன் என் சமையலறையில்தானே அந்தப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாய்? ஒரு வார்த்தை மாறவில்லை. உன் அத்தான் அப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "அப்போ நான் செத்தா எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

உன் கல்லூரி நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறது. நீ ஊட்டியதை அந்தப் பையன் அப்படியே கொண்டுவந்து என் புருஷன் தலைமாட்டில் வைத்தான். ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொள்.

லோகேஸ்வரி


உட்ரெக்ட்
4 மே 2023

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அத்தான் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்கும் பகல் இரவாக இருக்கிறது. எல்லா ஆறுதலின் தேவன் உன்னைத் தாங்குவாராக.

ஒன்று மட்டும் சொல்ல அனுமதி கொடு. குணாளன் சொன்னது தவறல்ல. சொன்ன நேரமும் விதமும்தான் சரியில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிக்காததற்கு இரக்கமில்லாதது காரணமல்ல அக்கா. நம் ஜெபம்தான் ஒருவரைக் கரையேற்றும் என்று நினைத்தால், கரையேற்றுகிறவர் நாமாகிவிடுகிறோம். அத்தானை நம்மைவிட அதிகமாக அறிந்தவர் கையில் விட்டுவிடுவதுதான் விசுவாசம். நிதானமாக யோசித்தால் இதிலேயே உனக்கு ஆறுதல் இருப்பது தெரியும்.

குணாளனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கேள்வித்தாளுக்கு அவசரமில்லை. மனம் கொஞ்சம் ஆறிய பிறகு, காலியாக விட்ட அந்தக் கேள்வியையும் நிரப்பி அனுப்பினால் போதும்.

ஜெபத்தோடு,
மோகனா


உட்ரெக்ட்
18 ஜூன் 2023

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுத்தால் ரவிதான் பேசுகிறான். "அம்மா தூங்கறாங்க சின்னம்மா" என்கிறான். நடுப்பகலில் நீ எப்போது தூங்கியிருக்கிறாய்? கடைசியில் அவனே சொல்லிவிட்டான், கருமாதிக்குப் பிறகு நீ சர்ச்சுக்கே போவதில்லையாம். அத்தான் மோட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாயாம்.

என் கடிதத்தின் நகலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். துக்க வீட்டுக்குப் பாடம் அனுப்பியிருக்கிறேன். கடைசியில் கேள்வித்தாளையும் கேட்டிருக்கிறேன். கல்நெஞ்சக்காரி. குணாளனாவது இளைஞன், கூட்டத்துக்கு நடுவே பதறிப்போய்ச் சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்து, யோசித்து, அதையேதான் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். அந்தத் தாளைக் கிழித்துப் போடு. நீ பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியாவது எழுது.

மோகனா


கோலா சாவா
9 ஜூலை 2023

என் மோகனாவுக்கு,

கிழிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

உன் மேல் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் ஜூன் மாதக் கடிதத்தைத்தான் என் தங்கை எழுதினாள். அதற்கு முந்தினதை யாரோ ஒரு டீச்சர் எழுதியிருந்தாள்.

குணாளன் கதையைக் கேள். கருமாதி முடிந்த வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் வேதாகமம் இல்லை. நான் உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. ரவி பெண்டாட்டி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறு வாரமும் அப்படியே. ஊமைப் படம் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. நீ ஏதாவது எழுதிச் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டேன். "டீச்சர் கடிதம் வந்துச்சு அக்கா. எப்படிப் பேசணும்னு நாலு பக்கம். நான் பேசாமலே வந்துட்டேன்" என்றார்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, அண்ணன் ஹாரன் அடிச்சது என் பிரசங்கம் பிடிக்காமலா?" என்று கேட்டார். இத்தனை நாள் மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். "பிடிக்காம இல்ல பாஸ்டர், பசிச்சு" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அத்தான் போன பிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதேன். பாஸ்டர் தேற்றவில்லை. அவரும் அழுதார்.

போன ஞாயிறு ரவியை அவன் மோட்டரை எடுக்கச் சொல்லிச் சர்ச்சுக்குப் போனேன். ரவி இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். பிரசங்கம் வழக்கம்போல நீண்டது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு. பாஸ்டர் நடு வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மரத்தடி காலியாக இருந்தது.

"ராஜமாணிக்கம் அண்ணன் இல்லாம எங்க முடிக்கறதுன்னே தெரியல" என்றார். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, அண்ணனை எங்களுக்குக் கொடுத்திருந்தீங்க. உங்களுக்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றோம். இத்தனை வருடம் உள்ளே வராதவரின் பெயர் அன்றைக்கு உள்ளே வந்தது.

இது இறந்தவர்களுக்கான ஜெபமா, இல்லையா? உன் பாடத்தில் இதற்கு இடம் உண்டா? எனக்குத் தெரியாது, நீ விளக்கவும் வேண்டாம். எனக்கு அன்று சோறு இறங்கியது.

காலியாக இருந்த கேள்விக்கு மார்க் போட்டிருக்கிறேன் பார். ஏப்ரலுக்கு ஒன்று. ஜூலைக்கு ஐந்து. உன் கட்டத்தில் இரண்டு எண்ணுக்கு இடமில்லை. நெருக்கி எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா,
லோகேஸ்வரி


உட்ரெக்ட்
30 ஜூலை 2023

என் அக்காவுக்கு,

நீ வேண்டாம் என்றதால் விளக்கவில்லை.

அறிக்கையை எழுதி முடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். பெயர், ஊர் எதுவும் இல்லாமல் எல்லாச் சபைகளின் பதிலையும் உள்ளபடி சேர்த்தேன். பல சபைகளில் அதே கதைதான். வேத அறிவுக்கு ஐந்து, துக்க வீட்டில் ஒன்று. எங்கள் மாணவர்கள் சரியான பதிலோடு போகிறார்கள், அதை எப்போது சொல்லாமல் இருப்பது என்பதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுதினேன். அந்தப் பாடத்தை எடுத்தவள் நான் என்றும் எழுதினேன். நல்லவிதமாகத் திருத்தித் தரச் சொல்லிக் கல்லூரி முதல்வர் போன் செய்தார். மறுத்துவிட்டேன். கல்லூரியை மூடினாலும் மூடுவார்கள். ஆனால் உன் "ஒன்று" என்பதை என்னால் அழிக்க முடியாது.

நேற்று அறையில் முழங்காலில் இருந்து அத்தான் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்கு எத்தனை மார்க் என்று நீ போட்டுக்கொள்.

டிசம்பர் முதல் வாரம் வந்துவிடுவேன். அத்தான் மோட்டர் மேலிருக்கும் துணியை எடுத்துவிட்டு ரவியிடம் பேட்டரி பார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை உன்னை நான்தான் கொண்டுபோவேன். காண்டாவில் விழமாட்டேன், நம்பி உட்கார். உன்னை இறக்கிவிட்டுவிட்டு அன்றைக்கு மட்டும் நான் உள்ளே வரவில்லை. அத்தான் இருந்த இடத்திலேயே, மரத்தடியில் மோட்டர் மேல் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காரப் போகிறேன். என் மாணவன் பிரசங்கம் அங்கே எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஹாரன் அடிக்கிறேன். ஒன்றே ஒன்று. குணாளனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே.

உன்,
மோகனா