காக்காவின் பழைய வீடியோக்கள்

சாயிமா,

இங்லீஷ் மீடியத்துல படிச்சவ நீ, என் தமிழ எழுத்துக் கூட்டி மெதுவா வாசி. குக்கர்ல நெய்ச்சோறு இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாலு மணிக்கு வருவாங்க, அதுக்குள்ள நைன்ட்டி ஃபீட் ரோட்டுக் கடையில மிட்டாய் வாங்கிட்டு வந்துருவேன்.

நேத்து உன்னப் பாத்துக் கத்துனது தப்புதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு, மவுத்தாகி மண்ணுக்குள்ள போயிட்ட என் மூத்த மவன், உன் காக்கா, டான்ஸ் ஆடுன பழைய வீடியோவெல்லாம் அவன் பிரெண்ட்ஸ் மட்டும் பாக்குற மாதிரி அவன் போன்லயே பேஸ்புக்ல மாத்திட்ட. சரி. ஆனா நான் அவனுக்கு பிரெண்ட் இல்லையே, புள்ள! நான் அனுப்புன பிரெண்ட் ரிக்வெஸ்ட்ட, “போ உம்மா, வெக்கமா இருக்கு”ன்னு அவன் எடுக்கவே இல்ல. எல்லாருக்கும் தொறந்து கெடந்ததாலதான் தினமும் பாத்துட்டிருந்தேன்.

உம்மா

இன்னொண்ணு: அவன் போனை சார்ஜ் போட்டு பீரோ மேல வச்சிருக்கேன். என் ரிக்வெஸ்ட் அதுல இன்னும் நிக்கும். ஓகே பண்ணிடு. நீதான் அழுத்துனேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத.