முக்தியார் ஹஸீனா

ஷார்ஜா
9.1.2024

அன்புத் தங்கை ஹஸீனாவுக்கு அண்ணன் அஷ்ரஃப் ஸலாத்துடன் எழுதுவது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. போனில் நீ "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை, அதனால்தான் கடிதம்.

இத்துடன் முக்தியார் பத்திரம் இருக்கிறது. வடகரப்பதித் தீவனக் கடையை ஜின்சனுக்கு விற்க, என் சார்பில் இனி நீயே கையெழுத்துப் போடலாம். அத்தாவின் தம்பி என்ற உரிமையில் சின்னத்தா முக்தியாரைத் தன் பெயருக்குத்தான் கேட்டார். ஆனால் அத்தா மௌத்தானபின் மூன்று வருடமாகக் கடையை நடத்துபவள் நீ.

பத்திரம் டைப் செய்த எகிப்துக்காரர் 'முக்தியார்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தார். அது அவர்களுடைய அரபிச் சொல்லாம். 'முக்தார்' என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேர்ந்தெடுப்பவர் என்றும் பொருளாம். கோயம்புத்தூர்க்காரர்கள் வெறுமனே 'பவர்' என்கிறார்கள். நம் சொல் எவ்வளவு பெரியது பார்.

உன் அண்ணன்
அஷ்ரஃப்

வடகரப்பதி
2.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். அம்மா இப்போது கண்ணாடி இல்லாமலே அரிசியில் கல் பொறுக்குகிறார்.

நீங்கள் கோபப்படும் செய்தி ஒன்று. கடையை நான் விற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னத்தா, ஜின்சன், நான் எல்லோரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனோம். நான் விற்பனைப் பத்திரத்தைப் படிக்கக் கேட்டேன். சின்னத்தா எழுத்தரிடம், "அவ கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க. அவகிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். பேனாவை மூடி வைத்தேன்.

"முக்தியார் நானுங்க. கடைய விக்கறதில்லீங்க."

கோபத்தில் சொன்னதல்ல, அண்ணா. பல நாளாக மனதில் இருந்ததுதான். உங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நாற்பது வீட்டு மாடுகளுக்கு நம் கடைத் தீவனம்தான். எது சினை, எதற்குக் கறவை குறைந்தது என்று எனக்குத் தெரியும். இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது. நான் செய்தது தவறென்றால் முக்தியாரை ரத்து செய்துவிடுங்கள்.

உங்கள் தங்கை
ஹஸீனா

ஷார்ஜா
18.2.2024

ஹஸீனா,

உன் கடிதத்துக்கு முன்பே சின்னத்தாவின் போன் வந்துவிட்டது. அரைமணி நேரம் திட்டினார். அன்று எனக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. பிறகு உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

அவர் மறுபடி அழைத்தபோது, "அவ சொன்னா அது நான் சொன்ன மாதிரிங்க, சின்னத்தா" என்றேன். ஜின்சனிடமும் நானே பேசிவிட்டேன். என் அறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் உன் கதை தெரியும். ஒருவர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னேன்.

முக்தியார் ரத்தாகாது. பெருநாளுக்கு வருகிறேன், இருபது நாள் லீவு. கடையில் மூட்டை இறக்க ஆள் வேண்டுமா என்று எழுது.

அஷ்ரஃப்