தறிச் சத்தத்துக்குள் ஒரு நலுங்குப் பாட்டு

மதினி,

இன்று பீரோவிலிருந்து மைக்கை எடுத்தேன். அதன் வலைத் தலையை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் இன்னும் கிராம்பு வாசம் அடிக்கிறது. தொண்டைக்கு இதம் என்று வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டே பாடினீர்களே, அந்த வாசம். அண்ணன் பார்த்துவிட்டு, “அதுல தூசி அடையுது, ஈரத்துணியால தொடச்சு வையி” என்றான். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். துடைத்தால் போய்விடும். எத்தனை வருடமானாலும் நான் துடைக்கப் போவதில்லை.

எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. வத்திராயிருப்புப் பையன். கொஞ்சம் தென்னந்தோப்பு, தேங்காய் லோடு அடிக்க ஒரு வண்டி. அதிகம் பேச மாட்டான். நீங்கள் இருந்திருந்தால் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருப்பீர்கள். நான் காபியை நீட்டிவிட்டு மரம் மாதிரி நின்றேன். தையில் கல்யாணம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? அதோடு என் ஆத்திரத்தையும் கொட்டிவிடுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில் அந்த டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் தப்பிக்க வழி உண்டு, ஆனால் பேச்சு வராது என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தீர்கள். அழுகிறீர்களோ என்று எட்டிப் பார்த்தால் அதுவும் இல்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும்தான் என் பக்கம் திரும்பினீர்கள்.

“ஏட்டி, எம்பிள்ளை கல்யாணத்துக்கு நலுங்குப் பாட்டு யாரு படிப்பா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “உசுரு கெடந்து ஊசலாடுது, பாட்டுதான் கொறையா மதினி?”

“உசுர டாக்டரு பாத்துக்கிடுவாரு. பாட்ட நீ பாத்துக்கோ.”

யாரிடம் ஒப்படைத்தீர்கள் பாருங்கள்! நான் வாய் திறந்தால் பக்கத்தில் பாடுகிறவர்களுக்கும் தாளம் போய்விடும். நம் வகையறாவில் பெண்ணைப் பெற்றவள்தான் முதல் நலுங்குப் பாட்டு படிக்க வேண்டும். மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேலி செய்து, அவன் முகம் சிவக்கிற வரைக்கும் விடக் கூடாது. பெற்றவளுக்குப் பாட்டு வராத வீடுகளுக்கெல்லாம் நீங்கள்தான் போய்ப் படித்தீர்கள். நம் வீட்டுக்கு மட்டும் ஆள் இல்லாமல் போகப் போகிறது என்பதை உங்களால் தாங்க முடியவில்லை. நான் புருஷனோடு கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்து நின்றபோது, அண்ணன் யோசித்துக்கொண்டு நிற்க, அரிசி மூட்டையை இழுத்துப் போட்டு எனக்குப் படுக்க இடம் பண்ணியவர் நீங்கள். குரல் போவதற்குள் ஒரு பாட்டை ரெக்கார்டு பிடித்து வைக்கச் சொன்னால் நான் முடியாது என்பேனா?

முதலில் போனில்தான் பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் கொசு பாடுகிற மாதிரி இருந்தது. மண்டபத்தில் போட்டால் சிரிப்பார்கள். அதனால் போனில் செருகுகிற மாதிரி ஒரு மைக் வாங்கலாம் என்று, குறைந்த விலையில் எது நல்லது என்று யூடியூபில் தேடினோம். பேசுகிற பையன்கள் எல்லோரும் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, கண்டென்சர் மைக்தான் வாங்க வேண்டும், மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். நாம் இரண்டு பேரும் நம்பினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடைக்காரன் உங்களைப் பாடச் சொல்லி, பிடித்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். “இது நானாட்டி?” என்றீர்கள். உங்களைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் அப்படி வெட்கப்பட்டிருக்க மாட்டீர்கள். திரும்புகிற வழியில் பால்கோவா வாங்கித் தந்தேன். விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டு, சந்தோஷமாக வந்தீர்கள்.

வீட்டில் வைத்து முதல் பாட்டைப் பிடித்துப் போட்டுக் கேட்டோம்.

“என்னட்டி, மழை பெய்யுது?”

வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிறகுதான் புரிந்தது, தறி! இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகள், தெருவுக்கு எதிர்ப்புறம் இன்னொரு ஷெட். இத்தனை வருடமாக அதற்குள்ளேயே உண்டு, உறங்கி, சண்டை போட்டு, நம் காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லையே. அத்தனை தறியையும் பிடித்து வைத்திருந்தது. தறி முதலாளி, தறி ரிப்பேர் பார்க்கிற பிட்டரைத் தெலுங்கில் “ஏமிரா, ஏமிரா” என்று வைவது தெளிவாகக் கேட்டது. அண்ணனின் இருமல் கேட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. கதவு ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். நான் கூலிக்கு மடிக்க வாங்கி வைத்திருந்த பேண்டேஜ் துணிக் கட்டுகளை உங்களைச் சுற்றி அடுக்கி, நடுவில் உட்கார வைத்தேன். வேர்த்து வழிந்துகொண்டு, “ஏட்டி, பொணத்தக்கூட இம்புட்டுத் துணியில சுத்த மாட்டாக” என்றீர்கள். சிரித்தேன். அடுப்படிக்குள் போய் அழுதேன். பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போனேன், மைக்கில் காற்றிரைச்சல்தான் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கிற நம் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்தேன், குரங்கும் கோவிந்தா கோஷமுமாகப் பிடித்துக்கொண்டு வந்தோம். உங்கள் குரல் நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருந்தது. நேற்று எட்டிய இடம் இன்றைக்கு எட்டாது. அது உங்களுக்கும் தெரிந்தது, எனக்குத் தெரிகிறது என்பதும் தெரிந்தது. இரண்டு பேரும் வேறு என்னென்னவோ பேசினோம்.

அப்போதுதான் மாதாந்தர மின்தடை வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. தறி எல்லாம் நிற்கும். சாமியே கொடுத்த நாள் என்று நினைத்தேன். போனை முழுசாகச் சார்ஜ் போட்டு வைத்து, மைக்கைச் செருகி, உங்களை முன்னால் உட்காரவைத்தேன். தெருவே அடங்கிப்போயிருந்தது. எங்கோ ஒரு காக்கா கத்துவது கேட்டது.

நீங்கள் ஆரம்பித்தீர்கள். இரண்டாவது அடியில் தாளத்தை முந்தி ஓடினீர்கள். மூன்றாவது அடியில் இழுத்தீர்கள். மறுபடி ஆரம்பித்தீர்கள், மறுபடி தடுமாறினீர்கள். நான் தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பார்த்தேன், அது இன்னும் கெடுத்தது.

“என்ன மதினி, உங்களுக்கே மறந்துபோச்சா?” என்று கத்திவிட்டேன்.

“தறி நின்னுபோச்சுல்லா,” என்றீர்கள். “எதப் பிடிச்சிட்டுட்டி படிக்கது?”

வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சுவரோரமாக உட்கார்ந்து பாடியவர் நீங்கள். ஒவ்வொரு பாட்டும் அந்தத் தறியின் அடிக்குத்தான் உங்கள் வாயில் உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீடுகளில் அதை மனதுக்குள் ஓடவிட்டுத்தான் படித்திருப்பீர்கள் போல. பயம் வந்த நேரத்தில் மனதுக்குள் எதுவும் ஓடவில்லை. அன்றைக்குத்தான் நீங்கள் முதல் தடவையாக அழுதீர்கள். டாக்டர் சொன்னதற்கு அழாதவர், பாட்டு வராததற்கு அழுதீர்கள். நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்? தறி ஓடினால் மைக் கெடுக்கிறது, தறி நின்றால் பாட்டு நிற்கிறது. எந்தச் சாமியைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரன் நான் கத்தி முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தடித்த கறுப்பு மைக்கையும் போனில் செருக ஒரு சின்னப் பெட்டியையும் எடுத்து வைத்தான்.

“இது டைனமிக் மைக்குக்கா. மேடையில வச்சுப் பாடுவாகள்லா, அது. வாயோட ஒட்டி வச்சாத்தான் எடுக்கும். தள்ளி இருக்கற சத்தத்தை அம்புட்டாக் கண்டுக்கிடாது.”

“இத ஏன்யா மொதல்லயே குடுக்கல?”

“தறிக்குப் பக்கத்துல வீடுன்னு நீங்க சொல்லவே இல்லியேக்கா.”

எங்கள் வீட்டில் காற்று இருக்கிறது என்று யாராவது கடையில் போய்ச் சொல்வார்களா? அந்த மைக்கும் விலை ஒன்றும் பெரிசில்லை. முதலிலேயே அது கைக்கு வந்திருந்தால் உங்கள் நல்ல குரல் கிடைத்திருக்கும். அந்த ஸ்பாஞ்சு அறைப் பையன்களை நான் இன்றைக்கு வரை வைகிறேன்.

ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பிடித்தோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. வலைத் தலை உதட்டில் உரச, கண்ணை மூடிக்கொண்டு படித்தீர்கள். குரல் கிழிந்துதான் இருந்தது. ஆனால் தாளம் அப்படியே நின்றது. “வாரும் மாப்ளே வாரும், வெத்தல மடிச்சுத் தந்தா வெக்கம் என்ன வெக்கம்” என்று இழுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினீர்கள். மூச்சு முட்டுகிறதோ என்று பதறிப்போய் எழுந்தேன். ஒரு விரலை உயர்த்தி, உட்கார் என்று காட்டினீர்கள். செத்த நேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு கலகலவென்று சிரித்தீர்கள், அடுத்த அடிக்குப் போனீர்கள்.

முடிந்ததும் சொன்னீர்கள்: “மாப்ள பேரு இப்பத் தெரியாதுல்லா? அதான் எடம் விட்டிருக்கேன். அன்னைக்கு நீ அந்த எடத்துல பேரைச் சொல்லிப்போடு. பேரு எம்புட்டுக் கோணலா இருந்தாலும் சிரிச்சு வச்சிருக்கேன். கல்யாணம் முடிவான பொறவுதான் பிள்ளை இதக் கேக்கணும், என்னா?”

சரி என்றேன். அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கழுத்தில் துளையோடு வந்தீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டினீர்கள். தறிச் சத்தத்தில் கைதட்டுவது எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து, வேறு அறைக்குப் போகாமலே துணி மடித்தேன். உயிரை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றீர்களே, அவரும் முடிந்தவரை பார்த்தார். அவ்வளவுதான் முடிந்தது.

அப்போது பிள்ளை திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்ததால் இந்தப் பாட்டு அவளுக்குத் தெரியாது. இன்று மத்தியானம், பேரைச் சொல்லிப் பழகிப் பார்க்கலாம் என்று மைக்கை எடுத்து வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அசையாமல் கேட்டாள். நீங்கள் நிறுத்திய இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“அத்தை, அம்மாவுக்கு இங்க மூச்சு வாங்குச்சா?”

“இல்ல தாயி. அது ஒம் மாப்ள பேருக்கு விட்ட எடம்.”

இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்த இடம் வந்தபோது, இந்தக் காலத்துப் பிள்ளை இல்லையா, கூச்சப்படாமல் அவன் பேரை அவளே சொன்னாள். சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். நிஜமாகவே கேட்டுவிட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. அவளும் சிரித்தாள். “இன்னொரு தடவை அத்தை” என்றாள்.

போட்டேன். இந்தத் தடவை அவள் மாப்பிள்ளை பேரைச் சொல்லவில்லை. போனுக்குக் கிட்டே குனிந்து, “அம்மா” என்றாள்.

நீங்கள் அதே மாதிரி சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டீர்கள்.

அவள் எழுந்து போய்விட்டாள். நான் இன்னும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். தையில் மண்டபம் முழுக்க ஆட்கள் இருக்கும்போது அந்த இடம் வரும். நான் பேரைச் சொல்லுவேன், என் கழுதைக் குரலில், கட்டாயம் சொல்லுவேன், நீங்கள் சொன்னதற்காக. ஆனால் துணி மடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் இனி எனக்குள் ஓடப்போவது உங்கள் பாட்டு இல்லை, அந்த இடம்தான். பிள்ளை உங்களிடம் சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தாள் மதினி. இன்னும் செத்த நேரம் நிறுத்தியிருக்கக் கூடாதா?