குரங்குக்கு வாங்கிய துப்பாக்கி

செவ்வாய், இரவு.

பொம்மைத் துப்பாக்கிதானே அருளு, அதுக்கா இவ்வளவு கோவம்? கடையில நீயும்தானே கூட நின்ன? "இரும்பு வேணாம்லா, இடுப்புல சொருகினா கனத்துல கால்சட்டை கழண்டுடும். பிளாஸ்டிக் எடு. வாய் பெருசா இருந்தாத்தான் பத்துமலை குரங்கு பயப்படும்"னு சொன்னதே நீதான்.

குரங்கைப் பார்க்கும் முன்பே, இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் அதை என் கூட்டாளி அருளு முதுகில் வைத்து, குரலை மாற்றி, "கைய தூக்கு" என்றேன். அவன் திரும்பவில்லை. "சுட்டுடாதீங்க பாஸ்" என்று அழுதபடி கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தான்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். பாழாய்ப்போன வாய், "என்னா தலைவரே, பயம் தெளிஞ்சிச்சா? நான் வந்து..." என்று தொடங்கியது. முடிப்பதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டான்.